'சோ வாட்' இரண்டு கட்டையில் நிற்கவில்லை: பிளேயர் கோளாறா, ரெக்கார்டே அப்படியா?

பீனிக்ஸ்_தம்பி (டர்பன்)
எல்லாருக்கும் வணக்கம். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', பழைய அச்சு எல்பி (வினைல் ரெக்கார்டு). முதல் பக்கம் முதல் உருப்படி 'சோ வாட்' டி சுருதி, அதாவது நம்ம கட்டைக் கணக்கில் (சி ஒன்று, டி இரண்டு என்று சுருதியை எண்ணுவது) இரண்டு கட்டை. இதில் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே எங்கேயோ தொங்குகிறது. போனில் அதே பாட்டு சரியாக இரண்டு கட்டை. பிளேயர் பெல்ட் டிரைவ், டிசி மோட்டார், பெல்ட் புதிது. மோட்டாருக்கு அடியில் வேகத் திருகு ஒன்று இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் முடிந்ததா?

ஆறுகட்டை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
திருகைத் தொடாதீங்க தம்பி. முதலில் ரெக்கார்டைத் திருப்பிப் போடுங்க. இரண்டாம் பக்கத்தில் 'ஆல் ப்ளூஸ்', ஜி சுருதி, ஐந்து கட்டை. அதையும் போனில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்க. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறியிருந்தால் பிளேயர் வேகம். முதல் பக்கம் மட்டும் ஏறியிருந்தால் பிளேயரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். 'சோ வாட்' தொடக்கத்தில் பால் சேம்பர்ஸின் பேஸ் நாதத்தை வைத்து டியூனர் செயலியில் (சுருதியை அளந்து காட்டுவது) படிக்காதீங்க. கீழ் ஸ்தாயியில் விரலால் மீட்டும் சத்தத்துக்கு முள் தடுமாறும். டிரம்பெட் நீட்டிப் பிடிக்கும் இடமாகப் பார்த்து அளக்கணும்.

பீனிக்ஸ்_தம்பி
திருப்பிப் போட்டாச்சு அண்ணா. 'ஆல் ப்ளூஸ்', 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' இரண்டும் போனோடு ஒட்டி நிற்கின்றன. முதல் பக்கம் மூன்றும் மேலே.

ஆறுகட்டை
அப்போ கோளாறு 1959-இல் நடந்தது. அந்த ஆல்பம் இரண்டு நாளில் பதிவானது. மார்ச் 2 அன்று முதல் பக்கத்து மூன்று உருப்படி, ஏப்ரல் 22 அன்று இரண்டாம் பக்கத்து இரண்டு. இடம் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டூடியோ. மார்ச் அமர்வில் முதன்மை டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் டேப்பில் பதித்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும், தாளமும் துரிதப்படும். எல்பி வெட்டியது அந்த டேப்பிலிருந்து. காப்புக்காகப் பக்கத்தில் ஓடிய இன்னொரு மெஷின் ஒழுங்காக ஓடியிருந்தது. அந்த டேப்பை எடுத்து 1992-இல்தான் திருத்தினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் கேட்டது ஏறிய சுருதியைத்தான். ஏற்றம் அரைக்கட்டை கூட இல்லை. தனியாகக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கூடவே பியானோ வாசித்தால் கட்டாயம் உறுத்தும்.

மெட்டுக்காரி (டர்பன்)
சுருதிப் பெட்டியைப் போட்டு இதைக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சோ வாட்'டின் டி டோரியன் (டி-யை ஸட்ஜமாகக் கொண்ட மேற்கத்திய சுர வரிசை) சுரங்கள் நம்ம கரகரப்பிரியா சுரங்களே. இரண்டு கட்டைக்குப் பெட்டியை வைத்து, பழைய அச்சுக்கு நுண்திருகில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் முதல் 16 அளவும் (ஓர் அளவு என்பது நாலு தட்டு) சுகமாக உட்காரும். அடுத்த எட்டு அளவில் கதை மாறும். மொத்தமும் அரைக்கட்டை மேலே போகிறது. அது கிரகபேதம் இல்லை. கிரகபேதத்தில் சுரங்கள் இருந்த இடத்தில் இருக்க, ஸட்ஜம் மட்டும் நகரும். இங்கே ஸட்ஜத்தோடு எல்லாச் சுரமும் சேர்ந்து நகர்கிறது. தம்புரா பிடிவாதமாக டி-யிலேயே நிற்பதால் அந்த எட்டு அளவும் காதில் மணல் போட்டது போல இருக்கும். அங்கே பெட்டியை நிறுத்திவிடுவதே மரியாதை. 24 அளவு முடிந்தால் மறுபடி டி-க்கு வரும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஆறுகட்டை சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. திருத்தியதுதான் "சரி" என்று ஏன் வைத்துக்கொள்ளணும்? ஏறிய சுருதியில் டிரம்பெட்டுக்கு ஒரு விறைப்பு இருக்கிறது, பலர் அதைத்தான் மனசில் வைத்திருக்கிறார்கள்.

ஆறுகட்டை
மனசில் இருப்பது வேறு, அவர்கள் வாசித்தது வேறு அக்கா. பில் எவன்ஸ் அமர்ந்த பியானோ அந்தச் சுருதியில் இல்லை. விறைப்பு வேண்டும் என்றால் பழைய அச்சைக் கேளுங்கள், நானும் கேட்பேன். ஆனால் அதை வைத்து மோட்டாரைத் திருகாதீர்கள், அவ்வளவுதான். ஒரு தவறான பக்கத்துக்காகத் திருகினால் வீட்டில் இருக்கும் மற்ற எல்லா ரெக்கார்டும் கீழே போய்விடும்.

நேட்டால்_செவி (டர்பன்)
தம்பி, எப்படியும் ஒரு தடவை வேகத்தை அளந்துவிடுங்கள். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும். எல்பியின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கு, ஸ்ட்ரோப் தட்டில் (வேகம் பார்க்க ரெக்கார்டோடு சுற்றவிடும், கோடு போட்ட வட்டத் தட்டு) 180 கோடு இருக்கணும். இணையத்தில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கத் தட்டு, 216 கோடு, 60 ஹெர்ட்ஸுக்கானது. அதை இங்கே வைத்துக் கோடு அசையாமல் நிற்க வைத்தீர்களானால் பிளேயர் 27.8 சுற்றில் ஓடும், ரெக்கார்டு முனகும்.

செய்முறை: பிளேயரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். முள்ளை ரெக்கார்டு மேல் இறக்கி வைத்தே அளக்கணும், முள்ளின் இழுவையும் கணக்கில் வரணும். கோடுகள் பிளாட்டர் (ரெக்கார்டைத் தாங்கிச் சுற்றும் தட்டு) சுற்றும் திசையில் முன்னே ஊர்ந்தால் வேகம் அதிகம், பின்னே ஊர்ந்தால் குறைவு. ஒரு குறியை நேராக வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை கோடு அதைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். 60 கோடு என்றால் ஒரு சதவீதம். ஒரு சதவீதம் என்பது அரைக்கட்டையில் ஆறில் ஒரு பங்கு.

இன்றைய வீடுகளில் தொல்லை எல்இடி பல்பு. நல்ல எல்இடி மின்னவே மின்னாது, கோடுகள் வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும். பழைய இழை பல்பு ஒன்று, 60 வாட் போதும், மேஜை விளக்கில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள்.

அதே தட்டில் 45 சுற்றுக்கு 133 கோடு இருக்கும். அது சரியாக 45 இல்லை, 45.11. முழு எண்ணாகக் கோடு போட முடியாததால் வந்த வித்தியாசம், பயப்பட வேண்டாம்.

லெனேசியா_லயம் (ஜோஹன்னஸ்பர்க்)
27.8 என்றதும் கேட்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஏசி மோட்டார் பிளேயர், 110 வோல்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு. எல்லா ரெக்கார்டும் ஆழ்ந்து மெதுவாகக் கேட்கிறது. பெல்ட் மாற்றியும் அதேதான்.

நேட்டால்_செவி
ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. உங்களுடையது போன்ற சிங்க்ரனஸ் மோட்டாருக்கு (மின்சாரத்தின் அலைவோடு ஒத்துச் சுற்றுவது) ஹெர்ட்ஸ்தான் எஜமான். 60-க்குப் பதில் 50 கொடுத்தால் வேகம் ஆறில் ஐந்து பங்கு. சுருதி மூன்று அரைக்கட்டை இறங்கும். ஸ பாட வேண்டிய இடத்தில் கீழ் த₂ (சதுஸ்ருதி தைவதம்) கேட்கும். மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய கப்பியாக மாற்றணும், விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பழைய பிளேயர் பலவற்றுக்கு இரண்டு கப்பியும் தனித்தனியாக விற்றார்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். ஆனால் விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து மில்லிமீட்டர் கப்பியில் 0.1 தவறினாலே ஒரு சதவீதம் போச்சு.

பீனிக்ஸ்_தம்பி
லோட் ஷெட்டிங் நேரத்தில் இன்வெர்ட்டரில் போட்டால் வேகம் மாறுமா?

நேட்டால்_செவி
உங்களுடையது டிசி மோட்டார், மாறாது. ஏசி மோட்டார்காரர்களுக்கு: இன்வெர்ட்டர் 50-ஐ ஒழுங்காகப் பிடிக்கும், வேகம் பிசகாது. ஆனால் மாடிஃபைட் சைன் (படிப்படியாக வெட்டிய அலை) வகை என்றால் மோட்டார் உறுமும், சூடாகும், அந்த உறுமல் முள் வழியாக ஸ்பீக்கருக்கும் வரும். பியூர் சைன் (வழுவழுப்பான அலை) வகைதான் வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டரில் ஏசி மோட்டாரைப் போடவே வேண்டாம். அதில் ஹெர்ட்ஸ் என்பது எஞ்சின் வேகம். பக்கத்தில் யாராவது கெட்டிலைப் போட்டதும் செல்லோ அரைக்கட்டை சரியும்.

வயலின்_வீதி (கேப்டவுன்)
மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். டியூனர் செயலி ஏ என்ற சுரம் என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் 443-இல் சுருதி சேர்க்கும் இசைக்குழு. அந்த ரெக்கார்டை வைத்து அளந்தால் பிளேயர் 0.7 சதவீதம் வேகம் என்று செயலி பொய் சொல்லும். கார்லோஸ் கிளைபர் வியன்னாவோடு செய்த பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியை வைத்துத் திருகைத் திருகாதீர்கள். பரோக் காலக் (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) கருவிகளில் பாக் என்ற இசையமைப்பாளரின் இசையை வாசிக்கும் குழுக்கள் பல 415-இல் வாசிக்கும், அது சரியாக அரைக்கட்டை கீழே. ஃபிரெஞ்சு பரோக் 392 வரைக்கும் போகும், அது முழுக் கட்டை கீழே. உறையில் "காலக் கருவிகளில்" என்று போட்டிருந்தால் செயலியை மூடிவிடுங்கள்.

சுருதியை அளக்க இசையை நம்பாமல் சோதனை ரெக்கார்டு வாங்குவது உத்தமம். 3150 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று அதில் இருக்கும். போன் செயலி 3181 காட்டினால் ஒரு சதவீதம் வேகம். அதிலேயே நடுக்கமும் தெரியும்.

மெட்டுக்காரி
நடுக்கம் என்றதும் சொல்லணும். பியானோ நீட்டிப் பிடிக்கும் இடத்தில் 'வ்வோ... வ்வோ' என்று அலைகிறது என்றால், அலை எத்தனை நொடிக்கு ஒரு தடவை வருகிறது என்று கவனியுங்கள். 1.8 நொடிக்கு ஒன்று என்றால் பெல்ட்டை விட்டுவிடுங்கள், தவறு துளையில். 33⅓-இல் ஒரு சுற்று 1.8 நொடி. நடுத்துளை மையத்தில் இல்லாமல் அச்சாகியிருக்கிறது.

கணக்கு எளிது. துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், வெளிவட்டத்தில் ஆரம் 146 மில்லிமீட்டர் என்பதால் சுருதி மேலும் கீழும் 0.34 சதவீதம் ஆடும். உள்வட்டத்தில் ஆரம் 60 தான், அதே விலகல் 0.83 சதவீதமாகும். அதனால்தான் பக்கம் முடியப் போகையில் அலை கூடுகிறது. டிரம்ஸ், கிதாரில் தப்பித்துக்கொள்ளும். பியானோவும் ஓபோவும் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலிருந்து பார்த்தாலே தெரியும்: முள் கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலமாக ஊசலாடும். தீர்வு, வட்ட அரத்தால் துளையைச் சமமாக ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கி, ரெக்கார்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கை ஆடாத இடத்தில் நிறுத்துவது. அரம் போட்ட துளை திரும்ப வராது. விலைமதிப்புள்ள அச்சு என்றால் இதைச் செய்யாதீர்கள், சிடியில் கேளுங்கள்.

வயலின்_வீதி
உள்வட்டம் பற்றி ஒரு வார்த்தை. பிளாட்டர் ஒரே வேகம்தான், ஆனால் முள்ளுக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் வெளிவட்டத்தில் நொடிக்கு 51 சென்டிமீட்டர், உள்ளே 21. அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்கணும். ஜாஸ் எல்பியில் கடைசி உருப்படியை மெதுவான பாட்டாகப் போட்டுத் தப்பிக்க முடியும். ரவேலின் 'பொலேரோ'வுக்கு அந்த வழி இல்லை. அது மெலிதான சத்தத்தில் தொடங்கி, கடைசியில் முழு இசைக்குழுவும் அலறும்படி எழுதியது. ரெக்கார்டின் மிகப் பலவீனமான இடத்தில் மிகப் பெரிய சத்தம். கூம்பு நுனி முள் அங்கே கட்டாயம் கரகரக்கும். நீள்வட்ட நுனி முள், புரோட்ராக்டர் (கோணம் பார்க்கும் அட்டை) வைத்து இரண்டு புள்ளியிலும் ஒழுங்குபடுத்திய கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பகுதி), இவை இருந்தால் பாதி குறையும். மீதிக்கு சிடி. இதில் வினைல் பக்தி காட்டிப் பயனில்லை.

லெனேசியா_லயம்
கரகரப்பு என்றால் கேட்கணும். ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் 'மனன்பெர்க்', பியானோ தகரம் தட்டின மாதிரி இருக்கு. முள் தேய்ந்ததா?

நேட்டால்_செவி
இல்லை ஐயா. அது பியானோவே அப்படி. 1974-இல் கேப்டவுனில் பதிந்தது, நிமிர்ந்த பியானோ, சுத்தியல் தலைகளில் டிராயிங் பின் குத்தியிருந்தது. கம்பியில் கம்பளிக்குப் பதில் உலோகம் படுவதால் அந்தக் கிணிங். சோதிக்க வழி: பேசில் கூட்ஸீயின் சாக்ஸபோன் உரக்க எழும் இடத்தைக் கேளுங்கள். சாக்ஸ் வழுவழுப்பாக இருந்து பியானோ மட்டும் கிணிங் என்றால் முள்ளுக்கு ஒன்றுமில்லை. முள் தேய்ந்திருந்தால் சாக்ஸும் ஓரத்தில் கிழியும், அதுவும் பக்க முடிவில் அதிகமாக. அந்த உருப்படி 13 நிமிடத்துக்கு மேல், பக்கம் முழுக்க அதுவேதான், ஆகவே தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடுவது சுலபம்.

வயலின்_வீதி
அதே ரகம்: பியானோ கலைஞர் கிளென் கூல்டின் பாக் 'கோல்ட்பெர்க்' ரெக்கார்டில் அடியில் ஒரு உறுமல் கேட்கிறது என்று பிளாட்டர் அச்சைத் தாங்கும் பேரிங்குக்கு எண்ணெய் விடுபவர்கள் உண்டு. அது கூல்ட். வாசிக்கும்போது கூடவே முனகுவார். பேரிங் இரைச்சல் பாட்டு இல்லாத வெற்றுப் பள்ளத்திலும் ஒரே மாதிரி இருக்கும். அவர் முனகல் மெட்டோடு ஏறி இறங்கும். பேரிங்குக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், பெல்ட்டில் பட்டுவிடக் கூடாது. பட்டால் பெல்ட்டும் கப்பியும் வழுக்கி, நீங்கள் மறுபடி இந்த இழையின் முதல் கேள்விக்கே வருவீர்கள்.

ஆறுகட்டை
78 சுற்று ரெக்கார்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள், வீட்டுப் பரணில் தமிழ் 78 இல்லாத டர்பன் குடும்பம் குறைவு. "78" என்பது ஏறக்குறையத்தான். 1925-க்கு முன், மைக் இல்லாமல் கொம்பில் பாடிப் பதிந்த காலத்தில், 70-லிருந்து 82 வரை எங்கேயும் இருக்கும். ஜாஸ் 78-க்கு ஒரு குறுக்குவழி: ஊதுகருவிக்காரர்கள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் இவற்றில்தான் அதிகம் வாசிப்பார்கள். உங்கள் ரெக்கார்டு பி-யில் ப்ளூஸ் வாசித்தால் அவர்கள் வீம்புக்கு வாசிக்கவில்லை, வேகம் தப்பு. அரைக்கட்டைக்கு ஆறு சதவீதம் மாற்றிப் பாருங்கள்.

நம்ம பாட்டுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. பாடுபவர் தன் தொண்டைக்கு ஏற்ற சுருதியை வைத்துக்கொள்வார், நாலு கட்டையா நாலரையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. குரலின் கமகம் இயல்பாகக் கேட்கிறதா, மிருதங்கத்தின் தொப்பி தகரமாகவோ பானையாகவோ ஒலிக்காமல் இருக்கிறதா என்று காதால்தான் பிடிக்கணும்.

எல்பி முள்ளை 78-இல் இறக்காதீங்க. 78 பள்ளத்துக்கு நுனி ஆரம் 0.076 மில்லிமீட்டர் அளவில் முள் வேணும், எல்பி முள்ளுக்கு அது 0.018 வாக்கில்தான் இருக்கும். பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கை மட்டும் படித்துக் காட்டும்.

மெட்டுக்காரி
கழுவும்போதும் இரண்டையும் கலக்காதீங்க. எல்பிக்கு: காய்ச்சி வடித்த நீர் 800 மில்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, போட்டோ கழுவப் பயன்படும் ஈரமாக்கி இரண்டு மூன்று சொட்டு. டர்பன் கோடை ஈரத்தில் உறையோடு சேர்ந்து பூஞ்சை பிடிக்கும், அதற்கு இது போதும். 78-இல் ஆல்கஹால் ஒரு சொட்டு கூடப் படக்கூடாது. 78 அரக்கில் செய்தது, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். பளபளப்பு போனால் பள்ளமும் போச்சு. வெறும் வடித்த நீரும் அதே இரண்டு சொட்டும்தான், லேபிள் நனையாமல் துடைத்து உடனே காயவைக்கணும். பழைய காகித உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும்.

பீனிக்ஸ்_தம்பி
இழை பல்பு கிடைத்தது. 180 கோட்டுத் தட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, முள் இறக்கி எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 12 கோடு முன்னே போகிறது.

நேட்டால்_செவி
0.2 சதவீதம். அரைக்கட்டையில் முப்பதில் ஒரு பங்கு. அந்தத் திருகைச் சீண்டவே வேண்டாம் தம்பி.

ஆறுகட்டை
முதல் பக்கத்தைப் போடுங்க. சுருதிப் பெட்டி வேணும்னா நுண்திருகில் ஏற்றிக்கோங்க, 17-வது அளவு வந்ததும் நிறுத்திடுங்க.